பறவைக் கியூரேட்டர் வேலைக்குப் போறதெண்டா எங்க தொடங்கிறது? (திருகோணமலையில இருந்து கேக்கிறன்)

ஆறுமணி_உப்புவெளி:

எல்லாருக்கும் வணக்கம். நான் உப்புவெளி. ஏ/எல் பயோ எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறன். கேக்கிற விசயம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கும், ஆருக்காவது தெரிஞ்சா கட்டாயம் சொல்லுங்கோ.

போன ஐப்பசி, சோதினைக்கு ஒரு மாசம் இருக்கேக்க, விடியப்பறம் எழும்பி லைட்டைப் போட்டுட்டு கெமிஸ்ட்ரி பாத்துக்கொண்டிருந்தன், வெளியில நல்ல இருட்டு, ஹோல் கண்ணாடியில பொத்தெண்டு ஏதோ அடிபட்ட சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா படிக்கட்டில ஒரு குருவி. கையில எடுக்கேக்க இன்னும் சூடு இருந்தது, தலை மட்டும் ஒரு பக்கம் சரிஞ்சு தொங்கினது. முதுகு பச்சை, நெஞ்சு மணல் நிறம், கண்ணுக்குக் குறுக்கால மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டி, தோளில ஒரு துண்டு நீலம், வாலுக்குக் கீழ குங்குமம் அப்பின மாதிரி சிவப்பு. வால் எண்டு சொல்ல ஒண்டுமில்ல, கட்டை. அம்மம்மா பாத்திட்டு "இது ஆறுமணிக்குருவியெல்லோ பிள்ளை, இந்த மாசம்தான் வாறது" எண்டு சொன்னவ. அதின்ட சத்தத்தைச் சின்னனில இருந்து பின்னேரங்களில கேட்டிருக்கிறன், ஆளைக் கண்டது அண்டைக்குத்தான், அதுவும் செத்தாப்பிறகு.

கெமிஸ்ட்ரி கொப்பிக்கு மேல வளத்தி நாலைஞ்சு போட்டோ எடுத்திட்டு முருங்கைக்குக் கீழ தாட்டுட்டன். பிறகு அதைப் பற்றித் தேடி வாசிக்கேக்கதான், இப்பிடிப் பறவைகளை நூறு நூற்றம்பது வருசமா மியூசியங்களில லாச்சிக்குள்ள வச்சிருக்கிறாங்க, அதுக்குப் பொறுப்பா கியூரேட்டர் எண்டு ஒராள் இருக்கிறார் எண்டு தெரிஞ்சது. அண்டையில இருந்து எனக்கு வேற யோசினையே இல்ல. வீட்டில அப்பா "செத்த குருவியோட என்ன சீவியம், டீச்சிங் பார்" எண்டு சொல்றார். அவர் சொல்றதிலயும் நியாயம் இருக்கு, ஆனா எனக்கு அந்த வேலையில ஒரு நாள் எப்பிடிப் போகும், என்ன படிக்கவேணும், இலங்கையில அப்பிடி வேலை இருக்கா, பறவையைச் சாகடிச்சுத்தான் சேக்கிறதா, இதெல்லாம் தெரியவேணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ ப்ளீஸ்.

ஓர்ஸ்ஹில்_அக்கா:

தங்கச்சி, நானும் திருகோணமலைதான், ஓர்ஸ்ஹில்ல வளந்தனான். இப்ப 12 வருசமா ஐரோப்பாவில ஒரு இயற்கை வரலாற்று மியூசியத்தில பறவைப் பகுதியில வேலை செய்யிறன். உம்மட கேள்வியைக் கண்டிட்டு பஸ்ஸில வரேக்கையே எழுதத் தொடங்கிட்டன், நீண்டு போனா பொறுத்துக்கொள்ளும்.

மியூசியம் எண்டா சனம் நினைக்கிறது கண்ணாடிப் பெட்டிக்குள்ள கொப்பில குந்தியிருக்கிற பறவையை. அது சேகரிப்பில ஒரு கைப்பிடி. மிச்சமெல்லாம் பின்னால, யன்னல் இல்லாத அறைகளில, இரும்பு அலுமாரிக்குள்ள தட்டுத் தட்டா, வயிறு மேல பாக்க, கால் ரெண்டையும் சேத்துக் கட்டி, கண் இருந்த இடத்தில பஞ்சு வெள்ளையாத் தெரிய, வரிசையாப் படுத்திருக்கும். இங்கிலாந்தில டிரிங் எண்ட ஊரில இருக்கிற சேகரிப்பில பஞ்சடைச்ச பறவைத் தோல் மட்டும் ஏறக்குறைய 7 லட்சம். நான் முதல் நாள் ஒரு தட்டை இழுத்துத் திறக்கேக்க எனக்கு நெஞ்சு அடைச்சது. ஒரே இனத்தில அறுபது பறவை, தூரத்தில பாத்தா எல்லாம் ஒண்டு, கிட்ட வச்சுப் பாத்தா ஒண்டு மாதிரி மற்றது இல்ல.

காலமை முதல் வேலை பூச்சிப்பொறி பாக்கிறது. தோலையும் இறகையும் தின்னிற சின்ன வண்டுகள் இருக்கு, அதுகளின்ட மயிர் முளைச்ச புழு ஒரு தட்டுக்குள்ள பூந்துதெண்டா நூறு வருசத்துச் சாமானைத் தூளாக்கிப் போடும். அதால புதுசா வாற எதையும் பொலித்தீனில சுத்தி கிழமைக்கணக்கில பிரீசருக்குள்ள போட்டுத்தான் உள்ள எடுக்கிறது. அதே வண்டுக் குடும்பத்தில இன்னொண்டை வேற ஒரு அறையில நாங்களே வளக்கிறம், எலும்புக்கூட்டில ஒட்டியிருக்கிற இறைச்சியைத் துப்பரவாக்க. பழைய தோல்களுக்கு ஆர்செனிக் சவர்க்காரம் பூசியிருக்கும், அதுகளைத் தொடேக்க கையுறை கட்டாயம். பிறகு ஈமெயில், ஆராய்ச்சிக்கு வாற ஆக்களுக்குத் தட்டு எடுத்துக் குடுக்கிறது, வேற நாட்டுக்கு இரவல் அனுப்பிற கடுதாசி வேலை, கொம்பியூட்டரில பதியிறது. பாதி நாள் இதுகளிலதான் போகும், அதை மறைச்சுச் சொல்ல விருப்பமில்ல.

கிழமைக்கு ஒரு நாள் தோல் எடுக்கிறது. நெஞ்செலும்பில இருந்து கீழ நோக்கி ஒரு வெட்டு, தோலை மட்டும், கொஞ்சம் ஆழமாப் போனா குடல் வெட்டுப்பட்டு இறகெல்லாம் ஊத்தையாப் போகும். பிறகு கத்தி அவ்வளவு தேவையில்ல, விரலால தோலைத் தசையில இருந்து மெல்ல மெல்லத் தள்ளிறது, ஈரம் கசிஞ்சா சோளமா தூவிறது, முழங்காலடியில வெட்டி, ஈரச் சட்டையைக் கழட்டிற மாதிரி உள்பக்கம் வெளிய வரத் திருப்பி கழுத்தால மண்டையோடு வரைக்கும் இழுக்கிறது. காதடியில தோல் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த இடத்தில இப்பவும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்வன். புறாதான் சரியான கரைச்சல், நனைஞ்ச டிசு மாதிரி கிழியும், இறகும் கையோட வரும். மூளையும் கண்ணும் எடுத்து, ஒரு குச்சியில பஞ்சு சுத்தி உடம்பு செய்து, உள்ள வச்சுத் தைச்சு, இறகை ஒவ்வொண்டாப் படிய வாரி, காய விடுறது. நாத்தம் எண்டு அம்மா அப்பா பயப்பிட்டா சொல்லும், புதுப் பறவையில பெருசா மணமே இல்ல.

ஆனா தங்கச்சி, இவ்வளவு பாடுபட்டுச் செய்த தோலில லேபல் இல்லையெண்டா அது வெறும் இறகுப் பொம்மை. எந்த இடம், எந்தத் திகதி, ஆர் எடுத்தது, எத்தினை கிராம், உள்ளுக்குப் பாத்து ஆணா பெண்ணா (பெண் பறவைக்கு சூலகம் அநேகமா இடப்பக்கம் மட்டும்தான் இருக்கும்), இரைப்பையில என்ன கிடந்தது, தோலுக்குக் கீழ கொழுப்பு எவ்வளவு. உம்மட குருவி மாதிரி இடம்பெயர்ந்து வாறதெண்டா கொழுப்புத்தான் பெரிய கதை, எவ்வளவு தூரம் பறந்து எவ்வளவு மிச்சத்தோட வந்து இறங்கினது எண்டு அதில தெரியும். அந்தக் காலத்தில வாங்கி வித்த தோல்கள் கனக்க இருக்கு, லேபல்ல "சிலோன்" எண்டு ஒரு சொல் மட்டும். வடிவான தோலா இருக்கும், பாக்கக் கவலையா இருக்கும். மன்னாரா காலியா, மாசியா ஐப்பசியா, ஒண்டும் இல்ல.

இதுக்கு மாறான ஆள் வில்லியம் வின்சென்ட் லெக். தஸ்மேனியாவில பிறந்து பிரித்தானிய பீரங்கிப் படையில அதிகாரியா இலங்கைக்கு வந்தவர், 1870களில எங்கட திருகோணமலையிலயும் இருந்திருக்கிறார். இலங்கைப் பறவைகளைப் பற்றி அவர் எழுதின பெரிய நூல் 1880ல முடிஞ்சது. அதில எந்தக் கரையில எந்த மாசம் எந்தப் பறவை எண்டு எங்கட ஊர்ப் பேர் திரும்பத் திரும்ப வரும். ஒரு நாள் நான் ஒரு பழைய தட்டை ஒழுங்குபடுத்தேக்க மை மங்கின கையெழுத்தில "டிரிங்கோமலி" எண்டு ஒரு லேபல் கண்டன். கதிரையில இருந்திட்டன். அந்தக் குருவி பறந்த கரையிலதான் நான் சின்னனில சிப்பி பொறுக்கினது.

இனி உம்மட கண்ணாடிக் கதைக்கு வாறன். சிக்காகோவில ஃபீல்ட் மியூசியத்தில டேவிட் வில்லார்ட் எண்டவர், 1978ல இருந்து, விடியக் காலமை ஏரிக்கரையில இருக்கிற பெரிய கட்டடத்தடியில அடிபட்டுச் செத்துக் கிடக்கிற பறவைகளைப் பொறுக்கினவர். ஒவ்வொண்டையும் ஒரே ஆள் ஒரே விதமா அளந்து கையால எழுதி வச்சது. 2016 வரைக்கும் 52 இனத்தில 70,716 பறவை. 2019ல அந்தக் கணக்கை ஆராய்ஞ்சு பாத்தா, 40 வருசத்துக்குள்ள பறவையின்ட கீழ்க்கால் எலும்பு 2.4 வீதம் கட்டையாகி, சிறகு 1.3 வீதம் நீண்டிருக்கு. பூமி சூடாக உடம்பு சிறுக்குது. அவர் பொறுக்கத் தொடங்கேக்க இதுக்காகப் பொறுக்கேல்ல. உம்மட வீட்டுப் படிக்கட்டில நடந்ததும் அதேதான், சிக்காகோவில அதைக் குனிஞ்சு எடுத்து எழுத ஒராள் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிண்ணியா_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கியூரேட்டர் இல்ல, கடை வச்சிரிக்கன், வெள்ளி ஞாயிறில பைனாகுலரைத் தூக்கிட்டு வெளிக்கிடுற ஆள். அக்கா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன், ஆனா ஒரு விசயம் கேக்கணும். செத்த பறவையை எடுக்கிறது சரி. சுட்டு, வலையில பிடிச்சு, சாகடிச்சுப் பெட்டியில வைக்கிறது எனக்கு மனசு ஏத்துக்கல்ல. இப்ப நல்ல கெமரா இரிக்கி, சத்தத்தை ரெக்கோர்ட் பண்ணலாம். காணாதா?

தங்கச்சிக்கு ஒண்டு சொல்லணும். நீங்க இரிக்கிற இடத்தைச் சுத்தியே பெரிய பள்ளிக்கூடம் இரிக்கி. தம்பலகாமம் வயலில தண்ணி கட்டேக்க நத்தைகொத்தி நாரை இறங்கிற நேரம் போய் நில்லுங்க. நிலாவெளி உப்பளத்துப் பக்கம் மாரியில வாற சின்னச் சின்ன கரைப்பறவையள், எல்லாம் சாம்பல், எல்லாம் ஓடுது, பேர் சொல்லத் தலை சுத்தும், ஆனா அதுலதான் கண் பழகும். கந்தளாய்க் குளம் விடிய ஆறு மணிக்கு. புறாமலைக்கு எல்லாரும் பவளப்பாறை பாக்கப் போறாங்க, அந்தப் பேருக்குக் காரணமான மாடப்புறாவை ஆரும் நிமிர்ந்து பாக்கல்ல. 2003ல அதைத் தேசிய பூங்காவா ஆக்கினாங்க. கற்பாறை இடுக்கில கூடு கட்டுற உண்மையான காட்டுப் புறா அது, கோயிலடியில, பள்ளியடியில நாம பாக்கிற கலப்புப் புறா இல்ல.

இன்னொண்டு, யுத்த காலத்தில எங்கட பக்கம் பைனாகுலர் கழுத்தில போட்டுக்கிட்டு சேத்துக்குள்ள நிக்க ஏலுமா? வாப்பா என்னை வீட்டை விட்டு விடவேயில்ல. அந்தக் காலத்தில கொட்டியாரக்குடாவுக்கு என்ன பறவை வந்து என்ன பறவை போனது எண்டு ஆரு எழுதினது? எனக்கு அதுதான் கவலை.

ஓர்ஸ்ஹில்_அக்கா:

நானா, நீங்க கேட்டது எங்கட ஆக்களே தங்களுக்குள்ள சண்டை பிடிக்கிற கேள்வி. நான் வேலை செய்யிற இடத்தில இப்ப வாறதில பெரும்பாலானது கண்ணாடியில அடிபட்டது, ரோட்டில அடிபட்டது, பூனை பிடிச்சது. அதுதான் எனக்கும் விருப்பம். அபூர்வமான பறவையை ஒரு தோலுக்காகக் கொல்லுறதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். முந்தி பேராசையில அள்ளினதும் உண்மை, இந்தியாவில பிரித்தானிய அதிகாரியா இருந்த ஹியூம் எண்டவர் 1885ல லண்டன் மியூசியத்துக்குக் குடுத்த சேகரிப்பு மட்டும் ஏறக்குறைய 80,000, அதில முட்டையும் ஆயிரக்கணக்கில.

ஆனா போட்டோ காணுமா எண்டா, காணாது நானா. 1950கள் 60களில பிரித்தானியாவில வல்லூறின்ட முட்டை கூட்டுக்குள்ளயே உடைஞ்சு கொண்டிருந்தது, ஏன் எண்டு விளங்கேல்ல. டெரெக் ரட்கிளிஃப் எண்டவர் மியூசியத்திலயும் ஆக்களின்ட வீட்டிலயும் கிடந்த பழைய முட்டைக் கோதுகளை எடுத்து நிறுத்து அளந்து பாத்தார். 1940களின்ட பிற்பாதியில இருந்து கோது மெல்லிசாப் போயிருக்கு, டிடிடி எண்ட பூச்சிமருந்து பாவனைக்கு வந்த காலம். 1967ல அதை வெளியிட்டவர். டிடிடியைத் தடைசெய்ய வைச்ச சான்றுகளில அதுவும் ஒண்டு. முட்டையைப் போட்டோ மட்டும் எடுத்து வச்சிருந்தா கோதின்ட தடிப்பை எதில அளக்கிறது? சிக்காகோவில இன்னொரு வேலை, 2017ல வந்தது, 135 வருசத்துத் தோல்களின்ட வெள்ளை நெஞ்சில படிஞ்ச கரியைப் பாத்து, எந்தப் பத்தாண்டில எவ்வளவு நிலக்கரிப் புகை எண்டு கணக்குப் போட்டாங்கள். பறவை தன்ட இறகில காத்தை எழுதி வச்சிருக்கு.

யுத்த காலத்தைப் பற்றி நீங்க எழுதினதை வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்டும் செய்யேல்ல. உண்மை. அந்த வருசங்களுக்குரிய தட்டு எங்கட கரைக்கு இல்ல. அதுக்காகவே உங்கட நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனிட்டப் போட விடாதேங்கோ. ஈபேர்ட் எண்டு பறவைக் குறிப்புப் பதியிற இணையத்தளம் இருக்கு, அதில பழைய குறிப்பையும் திகதியோட ஏத்தலாம்.

சோளகம்:

நான் ஒரு பல்கலைக்கழகத்தில விலங்கியல் படிப்பிக்கிறன். மகள், முதல்ல சட்டம். 1937ல வந்த விலங்கின, தாவர பாதுகாப்புச் சட்டத்தின்படி எங்கட பறவைகளில பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்டவை, உயிரோட மட்டுமில்ல, செத்ததையும் அனுமதியில்லாம வீட்டில வச்சிருக்க ஏலாது. நீங்கள் போட்டோ எடுத்துப் புதைச்சது நல்ல வேலை. ஆர்வத்தில வீட்டுப் பிரிஜ்ஜில சேர்க்க வெளிக்கிட வேண்டாம். இனி அபூர்வமா ஏதும் கண்டா வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கோ. வெறுங்கையால தொடவும் வேண்டாம், பறவைக் காய்ச்சல் இருக்கிற காலம்.

படிப்பு எண்டா விலங்கியல் சிறப்புப் பட்டம். வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்), யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு எல்லாத்திலயும் விலங்கியல் துறை இருக்கு. இறுதியாண்டு ஆய்வை பறவை, வகைப்பாடு சம்பந்தமா எடுங்கோ, புள்ளிவிபரவியலைப் பயப்பிடாமப் படியுங்கோ. இலங்கையில நூதனசாலைத் திணைக்களத்தின்ட வேலை வர்த்தமானியில வரும், வருசா வருசம் வராது, இடங்கள் கொஞ்சம். அதை நம்பி மட்டும் இருக்கச் சொல்லி ஒரு பிள்ளைக்கு நான் சொல்ல மாட்டன், உங்கட அப்பாவின்ட பயத்துக்கு அடிப்படை இருக்கு. சிங்களம் கதைக்கப் பழகினா கொழும்பில பாதிச் சுமை குறையும்.

கொழும்பு போற நேரம் தேசிய நூதனசாலைக்குப் பக்கத்தில இருக்கிற இயற்கை வரலாற்று நூதனசாலையைப் பாருங்கோ. பெரிய நூதனசாலை 1877ல திறந்தது, இது 1986ல. பெரிய நூதனசாலையின்ட பூச்சிப் பகுதியில பல வருசம் வேலை செய்த ஜி.எம். ஹென்றிதான் 1955ல இலங்கைப் பறவைகளுக்குக் கையேடு எழுதிப் படமும் கீறினவர். வேலை பூச்சி, மனசு பறவை. ஆசிரியத் தொழில் எடுத்தாலும் அந்த மாதிரி ஒரு வழி இருக்கு எண்டு அப்பாவிட்டச் சொல்லுங்கோ.

ஓர்ஸ்ஹில்_அக்கா:

சேர் சொன்னது சரி, இடம் கொஞ்சம்தான், வெளிநாட்டிலயும் அப்பிடித்தான். நான் முதல் மூண்டு வருசம் கியூரேட்டர் இல்ல, லேபல் பதியிற தற்காலிக ஆள். ஆனா தங்கச்சி, ரெண்டு விசயம் இப்பவே பழகலாம், காசும் தேவையில்ல. ஒண்டு தையல். சிரிக்காதேயும், அம்மம்மாட்ட கண்ணுக்குத் தெரியாத தையல் போடப் பழகும், எனக்கு இந்த வேலை எடுத்துத் தந்ததே அந்தக் கைதான். மற்றது எழுத்து, பென்சிலால, கண்ட அண்டைக்கே.

உம்மட ஆறுமணிக்குருவி இன்னும் முழுசாப் போகேல்ல. கெமிஸ்ட்ரி கொப்பிக்கு மேல வளத்தினன் எண்டு எழுதினீரெல்லோ, அது கோடு போட்ட கொப்பியா? கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில எத்தினை மில்லிமீற்றர் எண்டு அடிமட்டத்தால அள‌ந்துபோட்டு, போட்டோவில சிறகு மடிப்பில இருந்து நுனி வரைக்கும் எத்தினை கோடு எண்டு எண்ணிப் பாரும். போட்டோ நேர் மேல இருந்து எடுத்ததா சரிவா எண்டும் எழுதும். போனில நேரமும் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில விடியப்பறம் படிக்கேக்க யன்னலுக்குத் திரை இழுத்து விடும், அதுகள் ராவில வந்து இறங்கி லைட்டைக் கண்டு குழம்பிறதுதான்.

ஆறுமணி_உப்புவெளி:

அக்கா, நானா, சேர், எல்லாருக்கும் சரியான நன்றி. அப்பாவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினன். ஒண்டும் சொல்லேல்ல, சேர் எழுதின இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னவர்.

கொப்பியைத் தேடி எடுத்தன், சோதினை முடிஞ்ச கோவத்தில கட்டிப் பரணில போட்டிருந்தது. கோட்டுக்கு இடையில 8 மில்லிமீற்றர். அக்கா சொன்ன மாதிரி எழுதியிருக்கிறன், பிழையெண்டா திருத்துங்கோ:

ஆறுமணிக்குருவி. உப்புவெளி, எங்கட வீட்டு முன் படிக்கட்டு. ஒக்டோபர் 19, போட்டோ நேரம் காலை 5.12. ஹோல் கண்ணாடியில அடிபட்டுச் செத்தது, உள்ள லைட் எரிஞ்சது. சிறகு 13 கோடு, 104 மில்லிமீற்றர் அளவில, போட்டோவில இருந்து அளந்தது, ரெண்டாவது போட்டோ மட்டும்தான் நேர் மேல இருந்து எடுத்தது. நிறை நிறுக்கேல்ல. ஆணா பெண்ணா தெரியாது. மழை முதல் நாள் ராத்திரி பெய்தது (அம்மம்மா சொன்னது).

திரைக்குத் துணி வாங்கியாச்சு. இன்னொண்டு இன்னும் போகாம இருக்கு, நேத்து வேலிக்கு அப்பால இலைச் சருகுக்குள்ள இருந்து ரெண்டு தரம் கூப்பிட்டது, பின்னேரம் 6.09.